சனிக்கிழமை ஓட்டம்

திங்கள் தொடங்கி வெள்ளி வரை
புனித யூதா பள்ளிக்கு ஓடுகிற பஸ்
சனிக்கிழமை குவீன்ஸ் பார்க் போக வேண்டுமாம்.
ஒன்றரை மடங்கு சம்பளம்.
யார் ஏறப்போகிறார்கள் என்று கேட்காமலே
சாவியை வாங்கிவிட்டேன்.

ஸ்காபரோவில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
நடக்கிறது அவர்களுடைய பள்ளிக்கூடம்.
வாசலில் முப்பது பேர், கையில் மட்டைகள்.
முதல் மட்டையை வாசித்த பிறகுதான்
கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றி
சட்டைப் பைக்குள் போட்டேன்.
பயமில்லை.
பசியோடு ஒருவர் வாசலுக்கு வந்தால்
சாப்பிட்ட கோப்பையைச் சற்றே
மறைத்து வைப்போமே, அதுபோல.

ஏழு வயதுக் கால்களுக்கு அளந்த இருக்கைகள்.
முழங்கால் மோவாயில் இடிக்க
ஆளுக்கொரு கோழிக்குஞ்சுபோல் ஒடுங்கினார்கள்.
"அண்ணை, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கோ"
என்றார் ரிஸ்வானா டீச்சர். நிந்தவூர்க்காரி.
தமிழ்த் தொலைக்காட்சி வருமென்று
தமிழிலும் ஒரு மட்டை எழுதி வைத்திருந்தார்:
*கத்தோலிக்கருக்கு மட்டும் ஏன்?*

எக்லிண்டனில் இன்னொரு கூட்டம் ஏறியது.
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹாரல்ட்,
அவரோடு எட்டுப் பேர்.
அவர்களின் மட்டையில் வேறு கணக்கு:
எந்தச் சாமிக்கும் காசு வேண்டாம்,
எல்லோருக்கும் ஒரே பள்ளி.
டொன் வலியில் வண்டி ஊர்ந்த முக்கால் மணிநேரமும்
எல்லோருக்கும் கொடு என்பவர்களும்
எவருக்கும் கொடாதே என்பவர்களும்
எனக்குப் பின்னால் பிடித்த சண்டை இருக்கிறதே,
என் வகுப்புப் பிள்ளைகள் தேவலாம்.
ஹாரல்ட் ஒருவர்தான் பெல்ட்டைத் தேடினார்.
பள்ளி பஸ்ஸில் பெல்ட் கிடையாது ஐயா என்றேன்.
அதற்கும் அரசாங்கத்தைத் திட்டினார்.

நான் இறங்கவில்லை.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில்
யாரோ யாருக்கோ கொடுத்த வாக்கு.
அன்றைக்கு இந்த நாட்டில்
ரிஸ்வானாவின் ஆட்களும் இல்லை, என் ஆட்களும் இல்லை.
ஆனாலும் அந்த வாக்கு
பாசையூர்க் கோயிலில் எழுதிய
ஒரு ஞானஸ்நானத் துண்டைத் தேடிப்பிடித்து
என் வீட்டுக் கதவைத் தட்டியது.
வரித் தாளில் 'தனிப்பள்ளி' என்ற கட்டத்தில்
புள்ளடி போட எனக்கு
இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

ஈரப்பனி கொட்டியது.
தொலைக்காட்சி வரவில்லை.
திரும்பும்போது மட்டைகள் ஊறிப்போயிருந்தன,
இரண்டு கட்சியும்
ஒரே பெட்டி டோனட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் முன்னிருக்கைக்கு வந்தார்.
"உங்கட பிள்ளை எங்க படிக்குது?"
"இந்த பஸ்ஸிலதான் போறவ."
வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.
"மாதம் எவ்வளவு கட்டுறியள்?"
"ஒண்டுமில்லை."
அவருக்கு மூன்று பிள்ளைகள்.
கணவர் இரவில் ரொட்டித் தொழிற்சாலையில்.
படிப்பிக்கிற டீச்சருக்கே
பாதிச் சம்பளம் ஃபீஸாகத் திரும்பிப் போகிறதாம்.
கோபமாகச் சொல்லியிருந்தால்
ஏதாவது பதில் வந்திருக்கும் எனக்கு.
அவர் டோனட் பெட்டியை நீட்டினார்.
எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை
செபமாலை திரும்பவும் கண்ணாடியில்.
பதினோராம் இருக்கைக்குக் கீழே
யாரோ விட்டுப்போன தமிழ் மட்டையை
என் மகள் மெரின் இழுத்தெடுத்தாள்.
பனி தின்றது போக
நடுவில் ஒரு சொல்தான் முழுசாக நின்றது.
சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழால்
அதை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்:
"ம... ட்... டு... ம்.
அப்பா, மட்டும் எண்டால்?"

பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.